கிரைமி: எந்த அழுக்குக்கு இந்தச் சொல்?

செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாகிவிட்டன. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அழுக்கைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டி வரும். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர், அறை துடைப்பதை மேற்பார்க்கிறவர், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கிறவர், விருந்தாளி எழுதிப்போட்ட குறைக்குப் பதில் எழுதுகிறவர், இவர்கள் எல்லாருக்கும் கைவசம் இருப்பது 'டர்ட்டி' என்ற ஒரே சொல்தான். தூசியும் டர்ட்டி, கரியும் டர்ட்டி, சேறும் டர்ட்டி.

தமிழில் பேசும்போது நாம் இப்படிச் சிக்கனம் பிடிப்பதில்லை. தூசி, ஒட்டடை, பிசுக்கு, கறை, களிம்பு, பாசி, கசடு, ஊத்தை என்று தரம் பிரித்தே சொல்கிறோம். ஆங்கிலக்காரரும் அப்படித்தான் பிரிக்கிறார். அவர் பிரிப்பதில் நமக்கு அதிகம் பயன்படுவதும், நம்மவர் அதிகம் தப்பாக வைப்பதும் 'கிரைமி' என்ற சொல். அதை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது, வைத்தபின் கையில் என்ன துணி எடுப்பது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் உச்சரிப்பு

எழுத்து: ஜி, ஆர், ஐ, எம், ஒய். 'டைம்', 'லைம்' சொல்கிற அதே 'ஐ' ஓசை. கிரை-மி என்று இரண்டு அசை, அழுத்தம் முதல் அசையில்.

சிக்கல் முதல் எழுத்தில் இருக்கிறது. தமிழில் 'க' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால், எழுதிப் பார்த்தால் அழுக்கைக் குறிக்கும் கிரைமும் குற்றத்தைக் குறிக்கும் கிரைமும் ஒன்றாகவே தெரியும். வாயில் இரண்டும் வேறு. 'கல்' என்று சொல்லும்போது வருகிற வல்லொலி குற்றத்துக்கு. 'தங்கம்' என்பதில் 'ங்'குக்குப் பின் வருகிற மெல்லிய 'க' அழுக்குக்கு. தங்கம், தங்கம் என்று இரண்டு முறை சொல்லி, 'தங்' என்பதை விட்டுவிட்டு அந்தக் 'க'வில் தொடங்கினால் சரியாக வரும். இதைப் பழகாமல் 'தேர் இஸ் கிரைம் இன் தி கிச்சன்' என்று வல்லொலியில் சொன்னால், அடுப்படியில் ஏதோ கொலை நடந்துவிட்டது போலக் கேட்கும்.

இன்னொரு மயக்கம் 'கிரிம்'. கடைசியில் ஈயும் இல்லை, ஒய்யும் இல்லை. ஓசையும் குறுகிப்போய்விடும். அது முகம் கடுத்த, நம்பிக்கை தராத நிலையைச் சொல்லும் சொல். அடுப்படிச் சுவரில் அதற்கு வேலை இல்லை.

எது கிரைமி: மூன்று சேர வேண்டும்

கரி அல்லது தூசி ஒன்று. அதைப் பிடித்து வைக்கிற எண்ணெய், வேர்வை, ஈரம் ஏதாவது ஒன்று. மூன்றாவது காலம். இந்த மூன்றும் சேர்ந்து, கறுத்து, பரப்போடு பரப்பாக அப்பியிருந்தால் அது கிரைமி. ஒன்று குறைந்தாலும் சொல் மாறிவிடும்.

பணியாரச் சட்டியில் இப்போதுதான் ஊற்றிய எண்ணெய் வழிந்திருந்தால் அது 'கிரீஸி'. அதே வழிசலைத் துடைக்காமல் விட்டு, அதன்மேல் தூசியும் புகையும் படிந்து, விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டுகிற நிலை வந்தால் அது கிரைமி. பாகு சிந்திய மேடை 'ஸ்டிக்கி'. நாலு நாள் பூட்டிக் கிடந்த அறையில் மேசைமேல் விரல் வைத்தால் கோடு விழுகிறதே, அது வெறும் 'டஸ்டி'.

இந்தச் சொல்லின் ஊர் நிலக்கரி எரிந்த இங்கிலாந்து. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே புழங்குகிறது. ஆனால் அது கொழுத்தது ஆலைப் புகையிலும், சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர் முகத்திலும். லண்டனில் 1952 டிசம்பரில் புகைமூட்டம் கவிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956இல் காற்றுத் தூய்மைக்கென்று சட்டமே போட்டார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் கல் கட்டடங்கள்கூடக் கறுத்து நின்றன. அதனால்தான் கிரைமி என்றதும் ஆங்கிலக்காரர் மனத்தில் கரியும் புகையும் முதலில் வரும். விறகடுப்புப் புகை தெரிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

துணி வைத்துப் பார்ப்பது

அகராதியைவிட ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டு நன்றாகப் பொருள் சொல்லும். கைக்குட்டை அளவில் நாலு துண்டு கிழித்துக்கொள்ளவும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு கலந்து ஒரு கிண்ணத்தில் வைக்கவும். கண்ணில் படாத மூலையில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சோதிக்கவும்.

உலர்ந்த துண்டால் ஒரு இழுப்பு. போய்விட்டதா? டஸ்டி. ஒட்டடையாகச் சுருண்டு வந்தால் 'காப்வெப்ஸ்', நம் நூலாம்படை. போகவில்லை என்றால் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டு. அதில் மண் நிறமாக இறங்கிப் பரப்பு தெளிந்தால் டர்ட்டி என்றோ, மழைக்காலத்து வாசலாக இருந்தால் 'மட்டி' என்றோ சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் அசையாமல் துண்டு மேலே வழுக்கினால் மூன்றாவது துண்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து முறை வட்டமாகத் தேய்க்கவும். துண்டு கறுப்பாகவோ பழுப்பாகவோ மாறி, அடியில் பழைய நிறம் எட்டிப் பார்த்தால், அதுதான் கிரைமி. நாலாவது துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் பார்க்கவும். துண்டு சுத்தமாக வந்தும் பரப்பில் நிறம் நிற்கிறது என்றால் அழுக்கு உள்ளே இறங்கிவிட்டது. அது 'ஸ்டெய்ன்டு', நம் கறை. வாழைத்தண்டுச் சாறு பட்ட வேட்டி, வெற்றிலை துப்பிய சுவர் எல்லாம் இந்தக் கணக்கு.

கிரைமிக்கும் ஸ்டெய்ன்டுக்கும் உள்ள வித்தியாசம் சம்பளக் கணக்கிலும் வரும். கிரைமி என்றால் ஒரு ஆள் அரை நாள் தேய்த்தால் போகும். ஸ்டெய்ன்டு என்றால் தேய்த்துத் தீராது. மாற்றவோ, பூசவோ, அப்படியே ஏற்றுக்கொள்ளவோ வேண்டும். வெளிநாட்டு உரிமையாளருக்கோ கட்டடக் கலைஞருக்கோ தகவல் அனுப்பும்போது இந்த ஒரு சொல் தப்பினால் தேவையில்லாத பூச்சுவேலைக்கு மதிப்பீடு போட்டுவிடுவார்.

ஒரு வீட்டைச் சுற்றி வருவோம்

திண்ணையில் தொடங்கலாம். சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டரை மூன்றடி உயரத்தில், மனிதர் உட்கார்ந்து சாய்ந்தால் தலை படுகிற இடத்தில், வட்டவட்டமாகக் கறுத்திருக்கும். எண்ணெய்த் தலை வைத்துச் சாய்ந்த அடையாளம். தலை எண்ணெய், தெருத் தூசி, பல வருடம்: மூன்றும் சேர்ந்துவிட்டன. கிரைமிக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. 'கிரைமி பேட்சஸ் ஆன் தி வால்' என்று சொல்லவும்.

வளவுக்குள், அதாவது உள்முற்றப் பகுதிக்குள், வந்தால் பர்மா தேக்குத் தூண்கள். தூண் முழுவதும் கறுப்பாக இருந்தால் அது மரத்தின் வயசு; அதற்கு 'டார்க்' என்றோ 'ஏஜ்டு' என்றோ சொல்லலாம். ஆனால் இடுப்பு உயரத்துக்குமேல் ஒரு முழ அகலத்தில் மட்டும், வருகிறவர் போகிறவர் எல்லாம் கை வைத்த இடத்தில், பட்டையாக ஒரு மினுக்குக் கறுப்பு இருக்கிறதே, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வருமே, அந்தப் பட்டை கிரைமி. இங்கே புதிதாக வருகிறவர் செய்கிற பெரிய தப்பு, பளபளப்பு வரட்டும் என்று அந்தப் பிசுக்கின் மேலேயே எண்ணெய் தடவுவது. அன்றைக்குப் பளபளக்கும். எண்ணெய் புதுத் தூசியைப் பிடித்துக்கொண்டு, சில வாரத்தில் முன்னைவிடக் கறுத்துவிடும். முதலில் நன்றாகப் பிழிந்த சோப்புத் துணி, பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு உலர்துணி, ஒரு நாள் காயவிட்டு அதன்பிறகே எண்ணெய். தண்ணீர் சொட்டச்சொட்டத் துடைத்தால் தேக்கு என்றாலும் இணைப்புகளில் ஈரம் தங்கும்.

ஆத்தங்குடி கல் பதித்த தரைக்கும் இதே கதை. அந்தக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கியது. நடக்க நடக்க மினுமினுப்பு ஏறும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் உண்டு. கழுவாத தரையில் எண்ணெய்த் துணி போட்டால் காலடித் தடம் ஒவ்வொன்றாகத் தெரியும், விருந்தாளி 'கிரைமி ஃப்ளோர்' என்று எழுதிவிட்டுப் போவார். குற்றம் தரைமேல் இல்லை, வரிசை மாறியதுதான். எலுமிச்சைச் சாறோ ஆசிட்டோ பட்டால் அது வேறு விவகாரம். சிமெண்டை அமிலம் தின்றுவிடும். வெளுத்துப்போன அந்த இடத்தைத் தேய்த்து மீட்க முடியாது. அதை அழுக்கு என்றே சொல்லக் கூடாது. 'டேமேஜ்டு' என்று சொல்ல வேண்டும்.

அடுப்படி. விறகடுப்பு எரிந்த சுவரில் மேலே படிந்திருப்பது வெறும் கரி என்றால் 'சூட்டி'. தாளிப்பு எண்ணெயும் கலந்திருந்தால் கிரைமி. இரண்டையும் முதலில் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் உதிரிக் கரி இருக்கும்போதே தண்ணீரைத் தொட்டால், கரி மையாகக் கரைந்து பூச்சுக்குள் இறங்கிவிடும். சூட்டி ஐந்து நிமிஷத்தில் ஸ்டெய்ன்டு ஆகிவிடும். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக உலர்வாகத் தட்டி எடுத்துவிட்டு, அதற்கப்புறம் மிஞ்சுகிற பிசுக்குக்குத்தான் சோப்புத்துணி.

பித்தளைக் குத்துவிளக்கும் செம்புப் பானையும் கறுத்துப் பச்சை பூத்திருந்தால் அது கிரைமி இல்லை. உலோகமே காற்றோடு சேர்ந்து நிறம் மாறியது. அதற்குச் சொல் 'டார்னிஷ்டு', நம் களிம்பு. செம்பில் களிம்பு செம்போடேயே இருக்கிறது என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்களே, அந்தக் களிம்புதான். களிம்புக்குப் புளி, கிரைமிக்குச் சோப்பு. விளக்கின் தலையில் திரி எரிந்து எண்ணெயும் கரியும் கட்டியிருக்கிற இடம் மட்டும் கிரைமி. ஆகவே ஒரே விளக்கில் இரண்டு சொல் வரும்: மேலே கிரைமி, கீழே டார்னிஷ்டு. முதலில் சோப்பு போட்டுப் பிசுக்கை எடுக்காவிட்டால் புளி உலோகத்தைத் தொடவே தொடாது, வீணாகத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

பூட்டிக் கிடக்கும் பின்கட்டு அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது 'மஸ்டி'. அது வாடைக்கு மட்டும். வெளிச்சம் இல்லாமல் மங்கிக் கிடந்தால் 'டின்ஜி'. இதை 'இஞ்சி' என்பதில் வருகிற 'ஜ' ஓசையோடு சொல்ல வேண்டும். 'டிங்கி' என்றால் சின்னப் படகு. அந்தப் படகுச் சொல் நம் வடக்கே இந்தி, வங்காளிப் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்பது ஒரு வேடிக்கை.

வாக்கியத்தில் வைக்கும் விதம்

பெயருக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். 'எ கிரைமி விண்டோ' என்றாலும் சரி, 'தி விண்டோ இஸ் கிரைமி' என்றாலும் சரி. எதனால் என்று சேர்க்க 'வித்': 'கிரைமி வித் சூட்', கரி படிந்து அழுக்கேறியது. ஒப்பிட்டுச் சொல்ல 'கிரைமியர்', உச்சத்துக்கு 'கிரைமியஸ்ட்'; எழுதும்போது கடைசி ஒய் ஐயாக மாறும்.

பெயர்ச்சொல் 'கிரைம்'. எண்ண முடியாதது, தண்ணீர், மணல் போல. 'எ கிரைம்' என்றோ பன்மையில் 'கிரைம்ஸ்' என்றோ வராது. 'தி வால் இஸ் கிரைம்' என்பதும் தப்பு. 'தேர் இஸ் கிரைம் ஆன் தி வால்' என்று சொல்லலாம். உச்சரிப்பில் சந்தேகம் இருக்கிறவர் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டுக் கிரைமியோடு நிற்பது நல்லது. இளவட்டப் பயணி யாராவது 'ஐ லவ் கிரைம்' என்றால் பயப்பட வேண்டாம், 2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனில் கிளம்பிய ஒரு இசைவகைக்கும் அதே பெயர்தான்.

பழம்பொருள் கடையில்

இங்கே இந்தச் சொல்லுக்கு விலை உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு மரப்பெட்டியையோ எனாமல் தூக்குச்சட்டியையோ தூக்கிப் பார்த்து 'இட்ஸ் கிரைமி' என்றால், 'துடைத்தால் போகும், அதுவரை விலையைக் குறை' என்கிறார். நம் ஆள் பதறிப்போய் 'நோ கிரைமி, பாட்டினா' என்பார். பாட்டினா என்பது மரமோ உலோகமோ காலத்தால் தானாக அடைகிற மேற்பரப்பு. அதைத் துடைத்து எடுத்தால் பொருளின் மதிப்பு போய்விடும். பிசுக்கு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. இரண்டையும் மாற்றிச் சொன்னால் விவரம் தெரிந்தவர் மறுமுறை கடைக்குள் வரமாட்டார். 'கிரைம் ஆன் டாப், பாட்டினா அண்டர்னீத்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அடியில் ஒரு நாணய அளவு துடைத்துக் காட்டுவதே வியாபாரம். எனாமலைக் கம்பி நாரால் மட்டும் தேய்க்கக் கூடாது. மேலே இருப்பது கண்ணாடிப் பூச்சு. கீறல் விழுந்தால் அடுத்த பிசுக்கு அந்தக் கீறலில்தான் குடியேறும்.

விருந்தாளி எழுதிய குறையைப் படிப்பது

'எ பிட் டஸ்டி' என்று எழுதியிருந்தால் அன்று துடைக்கவில்லை என்று பொருள். 'கிரைமி' என்று எழுதியிருந்தால் பல மாதமாகத் தேய்க்கவில்லை என்று பொருள். தினமும் தரை துடைக்கிறோமே என்று கோபப்படுவதில் பயனில்லை, அவர் தரையைச் சொல்லவில்லை. கைபடுகிற இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்: ஸ்விட்ச் போர்டு, கதவுக் கைப்பிடி, ரிமோட், குழாயின் அடிப்பகுதி, குளியலறை டைல்ஸ் இடுக்கு, ஃபேன் இறக்கையின் முன்விளிம்பு. ஸ்விட்ச் போர்டுக்கு மெயினை அணைத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த துணி மட்டும். குழாயில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்புத் தண்ணீரின் படிவு, அதற்கு 'லைம்ஸ்கேல்' என்று தனிப்பெயர். சோப்புக்கு அது மசியாது.

வேலை செய்கிறவரிடம் இதைச் சொல்வதும் ஒரு கலை. 'ரூம் கிரைமியா இருக்காம்' என்றால் அவர் மறுபடி தரையைத்தான் துடைப்பார். 'ஆச்சி, தரை நல்லாத்தான் இருக்கு. சுவிட்ச்சும் கைப்பிடியும் பிசுபிசுங்குதாம், சோப்பு போட்டுத் தேச்சிருங்க' என்று இடத்தையும் வகையையும் சேர்த்துச் சொன்னால் வேலை ஒரே தடவையில் முடியும்.

கடுமையில் 'கிரப்பி' கீழ்ப்படி: விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கை. கிரைமி நடுவில். 'ஃபில்தி' உச்சியில், அருவருப்போடு சொல்வது. ஆபாசத்துக்கும் அதே சொல் என்பதால் நாமாக யாரைப் பற்றியும் அதை எடுக்க வேண்டாம். விருந்தாளி ஃபில்தி என்று எழுதியிருந்தால் பதில் எழுதும் முன் அறையை நேரில் போய்ப் பாருங்கள். 'மெஸ்ஸி' அழுக்கே இல்லை, சாமான் இறைந்து கிடப்பது. துவைக்கப் போடும் படுக்கை விரிப்புக்கு நாகரிகமான சொல் 'சாய்ல்டு'.

மொழிபெயர்க்கக் கூடாதவை

எச்சிலுக்கும் தீட்டுக்கும் இந்தச் சொற்களில் எதுவும் பொருந்தாது. எச்சில் பட்ட டம்ளர் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். அதை டர்ட்டி என்றால் விருந்தாளி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 'சம்ஒன் ஹாஸ் ட்ரங்க் ஃப்ரம் இட்' என்று நடந்ததைச் சொல்லிவிடுவது எளிது. அதேபோல வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும்போது 'யுவர் ஷூஸ் ஆர் டர்ட்டி' என்று ஆரம்பித்தால் அவமதிப்பாகிவிடும். அவர் ஷூ ஒருவேளை நேற்று வாங்கியதாக இருக்கும். அழுக்குப் பேச்சையே எடுக்காமல், 'ப்ளீஸ் லீவ் யுவர் ஷூஸ் ஹியர், வி வாக் பேர்ஃபுட் இன்சைட்' என்றால் போதும், அவரே குனிந்து கழற்றிவிட்டு முகப்பின் குளிர்ந்த தரையில் கால் வைத்து ஒரு நிமிஷம் நிற்பார்.